கேர்னலில் ஓர் எண்ணைத் தொட முன்: அக்காவின் டிப்ஸ்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற தங்கச்சிமாரும், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிற தம்பிமாரும் இப்போது துணிவோடு கேட்கிறார்கள்: "அக்கா, லினக்ஸ் கேர்னலுக்கு நாங்களும் ஒரு பட்ச் அனுப்பலாமோ?" தாராளமாக அனுப்பலாம். (கேர்னல் என்றால் இயங்குதளத்தின் மையப்பகுதி, பட்ச் என்றால் அதன் கோட்டுக்கு அனுப்புகிற திருத்தம்.) அனுப்பினவர்களிடமிருந்து கொஞ்ச நாளில் அடுத்த கேள்வி வரும்: "கோட் சரியாத்தான் வேலை செய்யுது. ஆனா இது ஏன் வேணும் எண்டு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டினம். என்னத்தை எழுதுறது?"

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன். கேர்னலின் கண்காணிப்பு வசதிகளில் கை வைக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கோ. மெமரி எவ்வளவு மிச்சம், டிஸ்க் எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது, பற்றரியில் எவ்வளவு இருக்கிறது என்று இயங்குதளத்தின் உள்ளே நடப்பதை வெளியே காட்டுகிற எண்கள் எல்லாம் இந்த வகைதான்.

இரணைமடுக் குளத்தின் நீர்மட்ட அளவுகோலை நினைத்துப் பாருங்கோ. எத்தனை அடி தண்ணி நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். யாரோ ஒருவர் நல்ல நோக்கத்தோடேயே அந்த அளவுகோலின் பூச்சியத்தை அரை அடி கீழே இறக்கிவிட்டு, ஏன் இறக்கினேன், எந்தத் திகதியிலிருந்து என்று பதிவேட்டில் எழுதாமல் போனால் என்ன நடக்கும்? குளத்துத் தண்ணி ஒரு துளியும் கூடியிராது. ஆனால் கணக்கில் அரை அடி கூடிவிடும். விதைப்பு ஏக்கரும் கூடும். கடைசியில் வாய்க்காலின் வால்பக்கத்தில் இருக்கிற கமக்காரரின் வயல்தான் காயும். கேர்னல் காட்டுகிற எண்ணும் அப்படித்தான். அதைப் பார்த்து முடிவெடுக்கிற ஆளை உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் உங்களைத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது நீங்கள் எழுதி வைக்கிற சில வரிகள் மட்டும்தான்.

24 வருடம் தாங்கிய ஒரு கடிதம்

லினக்ஸ் கணினியில் 'அப்டைம்' என்று அடித்தால் கடைசியில் மூன்று எண்கள் வரும். கடந்த 1, 5, 15 நிமிடங்களின் லோட் அவரேஜ், அதாவது கணினியின் சுமை. மற்ற யுனிக்ஸ் வகைகள் பெரும்பாலும் சிபியுவில் ஓடுகிற, ஓடக் காத்திருக்கிற வேலைகளை மட்டுமே இதில் எண்ணும். லினக்ஸ் இன்னொன்றையும் சேர்த்து எண்ணும்: இடையில் எழுப்ப ஏலாத உறக்கத்தில், பெரும்பாலும் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கிற வேலைகள். அதனால்தான் சிபியு சும்மா இருக்கும்போதே சில வேளை சுமை 10, 12 என்று காட்டும். இது பிழையா, வேண்டுமென்று செய்ததா என்று வருடக்கணக்காக ஆட்கள் குழம்பினார்கள்.

2017 இல் பிரெண்டன் கிரெக் என்ற செயற்திறன் பொறியியலாளர் இதன் மூலத்தைத் தேடிப் போனார். கேர்னலின் மாற்றங்களைப் பதிகிற இன்றைய கிட் வரலாறு 2005 இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியதை அதில் காண முடியாது. பழைய மின்னஞ்சல் மூட்டைகளை அவிழ்த்துத் தேடி, 1993 ஒக்டோபரில் மத்தியாஸ் ஊர்லிக்ஸ் அனுப்பிய ஒரு பட்சைக் கண்டுபிடித்தார். அப்போது லினக்ஸுக்கு வயது இரண்டு.

அந்தக் கடிதத்தில் இருந்த நியாயம் மிக எளிமையானது. ஓடக்கூடிய வேலைகளை மட்டும் எண்ணினால், டிஸ்க்குக்காகக் காத்திருக்கிற வேலைகள் கணக்கில் வராமல் போகின்றன. அவையும் வளத்தைத் தின்கின்றனவே என்று சொல்லியிருந்தார். கூடவே ஓர் உதாரணம்: வேகமான ஸ்வாப் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மெதுவான டிஸ்க்கைப் போட்டால், கணினி இன்னும் திணறும், ஆனால் சுமை எண் இறங்கும். இது புத்திக்கு ஒத்துவரவில்லையே என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே சில வரிக் கோட். அவ்வளவுதான்.

எனக்கு இந்தக் கடிதத்தின் மேல் பெரிய மதிப்பு இருக்கிறது. முதலில் பிரச்சினை, பிறகு யாரும் தன் கணினியில் கற்பனை செய்து பார்க்கக்கூடிய ஓர் உதாரணம், பிறகு மாற்றம். 24 வருடம் கழித்து அறிமுகமே இல்லாத ஒருவர் வாசித்தபோதும், அந்த மாற்றம் ஏன் வந்தது என்று அது தெளிவாகச் சொன்னது. குறை எங்கே என்றால், அந்த விளக்கம் கோட்டுக்குப் பக்கத்தில் போய் உட்காரவில்லை. அதனால்தான் இத்தனை வருடக் குழப்பம். ஆகவே உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. காரணத்தை எழுத வேண்டும். எழுதினதை, தேடி வருகிறவர் கையில் முதலில் தட்டுப்படும் இடத்தில் வைக்கவும் வேண்டும்.

கோட்டுக்கு முதல் கேட்க வேண்டியது

"இந்த எண் இல்லாததால் யாருடைய முடிவு பிழைக்கிறது?" ஒரு வெள்ளைத்தாளில் இதற்குப் பதில் எழுதுங்கோ. தமிழிலேயே எழுதுங்கோ. காரணம் தமிழில் தெளிவாக வராவிட்டால் ஆங்கிலத்திலும் வராது. தெளிவாக வந்துவிட்டால் பிறகு சின்னச் சின்ன ஆங்கில வசனங்களில் போட்டுக்கொள்ளலாம். கேர்னல் உலகத்தில் அலங்கார ஆங்கிலத்தை ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் எப்படி இருக்கும் என்று பார்க்க ரிக் வான் ரீலின் ஒரு மாற்றத்தைத் தேடி வாசியுங்கோ. 2014 இல் 3.14 பதிப்போடு வந்தது. 'புரொக்' அடைவில் இருக்கிற 'மெம்இன்ஃபோ' கோப்பில் 'மெம்அவெய்லபிள்' என்ற ஒரு வரியைச் சேர்த்த மாற்றம். 'ஃப்ரீ' என்று அடித்தால் கடைசி நெடுவரிசையில் வருகிற எண் இதுதான். அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: வேலைகளைப் பங்கிடுகிற நிரல்கள் எவ்வளவு மெமரி மிச்சம் என்று அறிய 'ஃப்ரீ'யையும் 'கேஷ்ட்'டையும் கூட்டிப் பார்க்கின்றன. ஒரு காலத்தில் அது சரியாக இருந்தது. இப்போது 'கேஷ்ட்' கணக்குக்குள் விடுவிக்க ஏலாத பகிர்வு மெமரியும் இருக்கிறது. விடுவிக்கக்கூடிய வேறு மெமரி அதற்கு வெளியே இருக்கிறது. எனவே அந்தக் கூட்டல் பிழையான விடை தருகிறது. கேர்னலின் உள்ளமைப்பு நாளைக்கு மாறினாலும் ஒவ்வொரு நிரலும் தன் சூத்திரத்தைத் திருத்தத் தேவையில்லாதபடி கணக்கைக் கேர்னலே செய்து கொடுக்கட்டும்.

பாருங்கோ, "பயனுள்ள வசதி" என்ற சொல்லே இதில் இல்லை. யார் பாவிக்கிறார்கள், இப்போது எப்படிப் பிழைக்கிறார்கள், ஏன் கேர்னலுக்குள்தான் செய்ய வேண்டும் என்ற மூன்றும் இருக்கின்றன. மூன்றாவதை நம் பிள்ளைகள் அநேகமாக விட்டுவிடுகிறார்கள். வெளியே ஒரு சின்ன நிரல் எழுதியே சமாளிக்கலாம் என்றால் கேர்னலைத் தொடத் தேவையில்லை. ஓடுகிற கேர்னலின் உள்ளே பார்க்க ஏற்கனவே இருக்கிற கேபுரோப்ஸ், ட்ரேஸ்பொயின்ட், பெர்ஃப் போன்ற கருவிகளால் ஏன் முடியாது என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிட்டால், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெயினர் அந்தக் கேள்வியைக் கேட்டு நீங்கள் பதில் எழுதிப் போகிற நாட்கள் மிச்சம்.

விலை என்ன என்று நீங்களே சொல்லுங்கோ

கண்காணிப்பது இலவசம் இல்லை. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் சிபியு கொஞ்ச நேரம் செலவழிக்கிறது. அதுவும் நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் ஓடுகிற பாதையில் நீங்கள் ஒரு எண்ணிக்கையை வைத்தால், உலகத்தில் லினக்ஸ் ஓடுகிற அத்தனை கணினியும் அந்த விலையைக் கொடுக்கும்.

2018 இறுதியில் 4.20 பதிப்போடு வந்த 'பிஎஸ்ஐ' இதற்கு நல்ல பாடம். ஃபேஸ்புக்கில் இருந்த ஜொஹானஸ் வைனர் எழுதியது. சிபியு, மெமரி, உள்ளீடு-வெளியீடு ஆகியவற்றுக்காக வேலைகள் எவ்வளவு நேரம் முடங்கி நிற்கின்றன என்பதை 10, 60, 300 விநாடிச் சராசரிகளாகக் காட்டும். 'சம்' என்ற வரி ஒரு வேலையாவது முடங்கின நேரம். 'ஃபுல்' என்ற வரி, ஓட வேண்டிய வேலைகள் எல்லாமே ஒன்றாக முடங்கின நேரம். மிக நல்ல வசதி. உங்கள் கையில் இருக்கிற அண்ட்ரொய்ட் போனில் மெமரி முட்டும்போது எந்த அப்பை மூடுவது என்று முடிவெடுக்கிற பகுதியும் அண்ட்ரொய்ட் 10 இலிருந்து இதைப் பார்க்கிறது. இவ்வளவு நல்ல வசதிக்கே, சூசே நிறுவனத்தின் மெல் கோர்மன் 'ஹக்பெஞ்ச்' சோதனை ஓட்டிப் பார்த்து, இதை இயக்கினால் வேகம் குறைகிறது என்று எண்களோடு சொன்னார். அதன்பின், வசதியைக் கேர்னலுக்குள் கட்டி வைத்துவிட்டு இயல்பில் அணைத்து வைக்கவும், வேண்டியவர் கணினி தொடங்கும்போது இயக்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கோ. மாற்றத்துக்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு. இரண்டையும் ஒரு தடவையோடு நிறுத்தாமல் பல தடவை எடுங்கோ. எந்தக் கணினி, எவ்வளவு ரேம், எந்தப் பதிப்பு, என்ன கட்டளை என்று எழுதுங்கோ. மற்றவர் அதே சோதனையைத் தன் மேசையில் செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கோ. மறைத்தால் வேறு ஒருவர் கண்டுபிடிப்பார். பிறகு உங்கள் மற்ற எண்களையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இந்த இடத்தில் வன்னிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "எங்களிட்ட இருக்கிறது பழைய மெஷின்தானே அக்கா" என்று பின்வாங்காதேயுங்கோ. பெரிய நிறுவனத்துப் பொறியியலாளர் சோதிப்பது 64 சிபியு, நூற்றுக்கணக்கான ஜிபி ரேம் உள்ள சேர்வரில். 4 ஜிபி ரேமும் சுழல்கிற ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில் பிரவுசர் திறந்தால் மெமரி எப்படித் திணறுகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, பற்றரி அளவு பொய் சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் நீங்கள் அனுபவித்தே அறிந்திருக்கிறீர்கள். அந்த அனுபவத்தை அப்படியே எழுதினால் அது கதை. அளந்து எழுதினால் அது நியாயம்.

எழுதிப் பார்ப்போம்

நானே கற்பனையில் ஒரு உதாரணம் தருகிறேன். ஒரு பற்றரி டிரைவர் பிழையான எண் காட்டுகிறது, நீங்கள் திருத்திவிட்டீர்கள். அவசரத்தில் இப்படி எழுதத் தோன்றும்: "பற்றரி அளவு சரிசெய்யப்பட்டது." இதை வாசிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. எது பிழை, எப்படிப் பிழை, யாருக்கு நட்டம்? இப்போது இதைப் பாருங்கோ:

"இந்த டிரைவர் பற்றரியின் வோல்ட்டேஜை மில்லிவோல்ட்டில் வெளியிடுகிறது. பவர் சப்ளை ஆவணப்படி அது மைக்ரோவோல்ட்டில் இருக்க வேண்டும். அதனால் 12.4 வோல்ட் உள்ள பற்றரி 0.0124 வோல்ட் என்று தெரிகிறது. மின்வெட்டின்போது கணினியை ஒழுங்காக அணைக்கிற நிரல், பற்றரி தீர்ந்துவிட்டது என்று எண்ணி உடனே அணைத்துவிடுகிறது. சிப்பிலிருந்து படிக்கும் எண்ணை 1000 ஆல் பெருக்கு. மல்டிமீட்டரில் 12.4 வோல்ட் காட்டும் பற்றரியில் சோதித்தபோது, மாற்றத்துக்கு முன் 12400, பின் 12400000."

'பெருக்கு' என்று கட்டளை போல எழுதியதைக் கவனியுங்கோ. கேர்னல் வழக்கம் அது. "நான் பெருக்கினேன்" என்று எழுதுவதில்லை. தலைப்பு வரி 70 முதல் 75 எழுத்துக்குள் நிற்கட்டும். ஒரு பட்சில் ஒரு பிரச்சினைதான். போகிற போக்கில் பக்கத்துக் கோட்டின் இடைவெளிகளைச் சீர்செய்தால், அது வேறு பட்ச். பழைய மாற்றம் ஒன்றால் வந்த பிழை என்றால், அந்தக் கொமிட்டின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்தையும் அதன் தலைப்பையும் 'ஃபிக்ஸஸ்' என்ற வரியில் போடுங்கோ. இரண்டாம் தடவை அனுப்பும்போது என்ன மாறியது என்ற குறிப்பை மூன்று சிறுகோட்டுக்குக் கீழே எழுதினால் போதும். அது நிரந்தர வரலாற்றுக்குள் போகாது. நிரந்தரமாக இருக்க வேண்டிய காரணம் எல்லாம் அந்தச் சிறுகோடுகளுக்கு மேலே.

ஆனால் இந்த உதாரணத்தில் இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பழைய பிழையைத் தெரிந்துகொண்ட ஒருவர், தன் நிரலில் ஏற்கனவே 1000 ஆல் பெருக்கி வைத்திருந்தால்? உங்கள் திருத்தம் அவருடைய நிரலை உடைக்கும். இது சும்மா பயம் இல்லை. 2011 இல் 2.6.39 பதிப்புக்காக, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் உள்ளே விடுகிற கேர்னலின் பழைய பெரும்பூட்டை ஒரேயடியாக நீக்கினார்கள். ஒவ்வொரு ட்ரேஸ் நிகழ்விலும் அந்தப் பூட்டைப் பற்றி இருந்த ஒரு சிறு புலத்தையும் சேர்த்துத் தூக்கினார்கள். பூட்டே இல்லை, புலம் எதற்கு? ஆனால் மின்சக்திப் பாவனையைக் காட்டுகிற பவர்டொப் நிரல், தகவல்கள் இன்ன இடத்தில்தான் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. அது உடைந்தது. கடைசியில் அர்த்தமே இல்லாத நாலு பைட்டை வெறும் நிரப்பியாகத் திரும்ப வைத்தார்கள். பயனாளரின் நிரலை உடைக்கக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வளவு கறார். ஆகவே ஓர் எண்ணை மாற்றும்போது அதை இப்போது யார் வாசிக்கிறார்கள் என்று திறந்த மூலக் களஞ்சியங்களில் தேடிப் பாருங்கோ. தேடினதையும், கண்டதையும் எழுதுங்கோ.

எங்கே எழுதி வைப்பது

கேர்னலின் எண்களைக் கோப்புகளாகக் காட்டுகிற 'சிஸ்எஃப்எஸ்' வழியாகப் புதிதாக ஒரு கோப்பை வெளிக்காட்டினால், கேர்னலின் 'டொக்கியுமென்டேஷன்' அடைவுக்குள் 'ஏபிஐ' என்ற அடைவில் அதற்கு ஒரு பதிவு வேண்டும். அங்கே 'ஸ்டேபிள்', 'டெஸ்டிங்', 'ஒப்சொலீட்', 'ரிமூவ்ட்' என்று நாலு பெட்டி. புதியது அநேகமாக 'டெஸ்டிங்'குக்குள் போகும். 'ஸ்டேபிள்' என்று சொல்லிவிட்டால் குறைந்தது 2 வருடம் அப்படியே இருக்கும் என்ற உறுதி. கோப்பின் பாதை, திகதி, எந்தப் பதிப்பிலிருந்து, யாரைத் தொடர்புகொள்வது, விளக்கம் என்று வரிசையாக நிரப்புங்கோ. கடைசியில் 'யூஸர்ஸ்' என்று ஒரு புலம் உண்டு. தெரிந்தால் அதையும் நிரப்புங்கோ. இந்தக் கோப்பை நீக்க முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு விடை அதில்தான் கிடைக்கும்.

விளக்கத்தில் அலகைக் கட்டாயம் எழுதுங்கோ. எண் எப்போது பூச்சியத்துக்குத் திரும்பும், எதிர்மறையாக வரலாமா, தகவல் இல்லாதபோது என்ன வரும் என்பதையும் எழுதுங்கோ. பவர் சப்ளை ஆவணத்தில் மைக்ரோவோல்ட் என்று ஒரு சொல் இல்லாவிட்டால், 12400000 என்ற எண்ணை வைத்து ஒருவரும் ஒன்றும் செய்ய ஏலாது.

இந்த ஆவண மாற்றத்தையும் அதே பட்ச் வரிசையில் சேர்த்தே அனுப்புங்கோ. "பிறகு எழுதுவம்" என்று விடுகிற ஆவணம் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்சின் அடியில் 'சைன்ட்-ஓஃப்-பை' என்று உங்கள் பெயரும் மின்னஞ்சலும் வர வேண்டும். இந்தக் கோட்டைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் கொடுக்கிற உறுதி அது. பெயர் மறைத்து அனுப்ப ஏலாது. நாங்கள் அப்பாவின் பெயரை முன்னுக்கும் போடுவோம், பின்னுக்கும் போடுவோம், முதலெழுத்தோடும் நிறுத்துவோம். எப்படி என்று ஒரு தடவை தீர்மானித்து, பிறகு மாற்றாதேயுங்கோ. பத்து வருடம் கழித்து உங்கள் வேலையைத் தேடுகிறவர் அந்தப் பெயரை வைத்துத்தான் தேடுவார்.

டேட்டா கவலை உள்ளவர்களுக்கு: கேர்னலின் முழுக் களஞ்சியம் பல ஜிபி. ஆழமில்லாமல் கடைசிப் பதிப்பை மட்டும் இறக்கினால் டேட்டா மிச்சம்தான், ஆனால் பழைய காரணங்கள் எல்லாம் கொமிட் வரலாற்றில் இருக்கின்றன. அதை இழந்துவிட்டு நியாயம் எழுத ஏலாது. கம்பஸ் இணைப்பில் ஒருவர் முழுசாக இறக்கி, 'கிட் பண்டில்' ஆகக் கட்டிப் பென்ட்ரைவில் மற்றவர்களுக்குக் கொடுங்கோ. முல்லைத்தீவில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் அதன் பிறகு புதிதாக வந்ததை மட்டும் இறக்கினால் போதும்.

அனுப்பின பிறகு பொறுங்கோ. குறைந்தது ஒரு கிழமை. புதிய பதிப்புக்கான இணைப்புக் காலம் நடக்கிற அந்த இரண்டு கிழமைகளில் மெயின்டெயினர்களுக்கு மூச்சுவிட நேரம் இராது, அப்போது இன்னும் பொறுங்கோ. பொறுமைக்கு ஓர் உதாரணம்: பெங்களூரில் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த அனந்த் மாவினகாயனஹள்ளி போன்றவர்களின் உழைப்பில் வளர்ந்த கேபுரோப்ஸ் 2004 இல் கேர்னலுக்குள் வந்தது. அதே வசதியைப் பயனாளரின் நிரல்களுக்கும் கொடுக்கிற யுபுரோப்ஸை, அதே நிறுவனத்தின் ஸ்ரீகர் துரோணம்ராஜு பதிப்புக்கு மேல் பதிப்பாகத் திருத்தித் திருத்தி அனுப்பினார். 2012 இல் 3.5 பதிப்பில்தான் உள்ளே வந்தது. அந்தப் பழைய மின்னஞ்சல்கள் எல்லாம் இன்றும் திறந்தே கிடக்கின்றன. ஒவ்வொரு எதிர்ப்புக்கும் என்ன பதில் எழுதினார், எதை விட்டுக்கொடுத்தார் என்று வரிசையாக வாசியுங்கோ. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடைக்காது.

முதல் பட்சுக்குக் கோட் தேவையில்லை. இன்று இரவு 'புரொக்' அடைவில் பிஎஸ்ஐயின் எண்கள் வருகிற 'பிரஷர்' என்ற அடைவைத் திறந்து, அங்கே வருகிற ஒவ்வொரு எண்ணையும் அதன் ஆவணத்தோடு ஒப்பிடுங்கோ. பிறகு உங்கள் லாப்டொப்பின் பவர் சப்ளைக் கோப்புகளையும் அப்படியே பாருங்கோ. ஆவணத்தில் இல்லாத ஒரு கோப்பு, சொல்லப்படாத ஓர் அலகு, பழசாகிப்போன ஒரு விளக்கம் கண்ணில் பட்டால், கோட்டை வாசித்து உண்மை என்ன என்று உறுதிசெய்து, காரணத்தோடு எழுதுங்கோ. 'செக்பட்ச்' ஓட்டுங்கோ. யாருக்கு அனுப்ப வேண்டும் என்று 'கெட் மெயின்டெயினர்' நிரல் சொல்லும். மின்னஞ்சலை இணைப்பு இல்லாமல், வெறும் எழுத்தாக அனுப்புங்கோ. அனுப்ப முதல் எனக்கும் ஒரு பிரதி போடுங்கோ, காரணம் எழுதின பகுதியை நான் வாசித்துப் பார்க்கிறேன்.